கரண்ட் வைக்க வந்தவர்கள் எங்கே தங்குவது?

கதிர்வீச்சு மேசையில் புற்றுநோயாளி படுத்திருப்பது என்னவோ பத்துப் பதினைந்து நிமிடம்தான். ஆனால் வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் ஐந்து, ஆறு வாரங்கள் அந்த மேசைக்கு வந்தாக வேண்டும். கதிர் எங்கே பாய வேண்டும் என்று தோலில் மையால் கோடு போட்டு அனுப்புவார்கள். சிகிச்சை முடியும்வரை அந்தக் கோடு அழியக் கூடாது, சோப்பு படக் கூடாது. கொல்லிமலையிலிருந்தோ ஜவ்வாது மலையிலிருந்தோ வரும் கூலித் தொழிலாளி, இதற்காக ஒன்றரை மாதம் ஊரைவிட்டு வந்து கிடக்க வேண்டும். பலருக்கும் இது வந்துபோகும் சிகிச்சை என்பதால் வார்டில் படுக்கை கிடைக்காது. கதிர்வீச்சைக் ‘கரண்ட்’ என்றே அழைத்து, “கரண்ட் வைக்க வந்திருக்கோம்” என்று சொல்லிக்கொண்டு, ஸ்கேன் படம் வைத்த பையைத் தலைமாட்டில் வைத்து மரத்தடியில் படுத்திருப்பவர்களைப் பெரிய மருத்துவமனைகளைச் சுற்றிப் பார்க்கலாம்.

சிகிச்சைச் செலவைக் குறைக்கத் தமிழ்நாடு செய்திருப்பது சாதாரணமல்ல. 2009-ல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கியது இன்று முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக வளர்ந்திருக்கிறது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கிறது. அறுவைசிகிச்சை, கீமோ, கதிர்வீச்சு மூன்றும் அதில் அடக்கம்.

மருந்து விலையிலும் இந்தியா நன்றாகவே போராடியிருக்கிறது. ஒருவகை ரத்தப் புற்றுநோய்க்கு நாள் தவறாமல் சாப்பிட வேண்டிய மாத்திரை இமாடினிப். நோவார்டிஸ் நிறுவனத்தின் ‘கிளிவெக்’ மாதத்துக்கு ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் விற்றபோது, உள்நாட்டு நிறுவனங்களின் மாத்திரை பத்தாயிரம் ரூபாய்க்குள் கிடைத்தது. நோவார்டிஸ் கேட்ட காப்புரிமையை 2006 ஜனவரியில் முதலில் மறுத்தது சென்னைக் காப்புரிமை அலுவலகம். உச்ச நீதிமன்றம் 2013 ஏப்ரல் 1 அன்று அந்த மறுப்பை உறுதிசெய்தது. இடையில் 2012-ல், பேயர் நிறுவனம் மாதத்துக்கு 2.8 லட்சம் ரூபாய்க்கு விற்ற சோராஃபெனிப் மருந்தை ஒன்பதாயிரம் ரூபாய்க்கும் குறைவாகத் தயாரித்து விற்க நாட்கோ நிறுவனத்துக்குக் கட்டாய உரிமம் கிடைத்தது. 2019-ல் 42 புற்றுநோய் மருந்துகளின் வணிக லாபம் 30 சதவீதத்துக்குள் கட்டுப்படுத்தப்பட்டது.

இவ்வளவுக்குப் பிறகும் சிலர் பாதியில் ஊர் திரும்பிவிடுகிறார்கள். அவர்களைத் திருப்பி அனுப்புவது பெரும்பாலும் சில்லறைச் செலவுதான்: பேருந்துக் கட்டணம், வாடகை, இரண்டு பேருக்குச் சாப்பாடு, கூட வந்தவர் இழந்த கூலி.

மும்பை டாடா மெமோரியல் மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவு இதை நேருக்கு நேர் பார்த்தது. சுமார் 2009-ல் அங்கே ஏறக்குறைய ஐந்தில் ஒரு குடும்பம் சிகிச்சையைப் பாதியில் விட்டது. குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு இரண்டு, மூன்று ஆண்டுகள் சிகிச்சை நீளும். அம்மா மருத்துவமனையில், அப்பா வேலைக்காக ஊரில், மற்ற பிள்ளைகள் பாட்டி வீட்டில் என்று குடும்பம் மூன்றாகப் பிரிந்து எத்தனை நாள் தாங்கும்? தங்குமிடம், உணவு, பயணச் செலவு ஆகியவற்றுக்கு மருத்துவமனையே ஏற்பாடு செய்தது. வராதவர்களை சமூகப் பணியாளர்கள் தொலைபேசியில் அழைத்துப் பேசினார்கள். சில ஆண்டுகளில் விட்டுப்போகிறவர்களின் விகிதம் ஐந்து சதவீத அளவுக்கு இறங்கியது. குழந்தையையும் பெற்றோரையும் கட்டணமின்றித் தங்கவைக்கும் செயின்ட் ஜூட் இந்தியா இல்லங்கள் 2006-ல் மும்பையில் தொடங்கியதும் இதே தேவைக்காகத்தான். பணக்கார நாடுகளில் புற்றுநோய் வந்த குழந்தைகளில் 80 சதவீதத்துக்கு மேல் குணமாகிறார்கள். பல ஏழை நாடுகளில் 30 சதவீதத்துக்கும் குறைவு என்கிறது உலக சுகாதார நிறுவனம். சிகிச்சையைப் பாதியில் விடுவதை அதற்கான காரணங்களில் ஒன்றாக அது சொல்கிறது.

நோயாளி கையில் பணம் கொடுப்பது அரசுக்குப் புதிதல்ல. காசநோயாளிக்கு ஊட்டச்சத்துக்காக 2018 முதல் மாதம் 500 ரூபாய் வங்கிக் கணக்கில் போடப்பட்டது. 2024 நவம்பரில் அது 1,000 ஆனது. தமிழ்நாட்டில் கர்ப்பிணிகளுக்கு 18,000 ரூபாய் மதிப்பிலான உதவி தவணைகளில் கிடைக்கிறது. அந்த மகப்பேறு திட்டம் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பெயரைத் தாங்கியது. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த வேதனையில், ஊர் ஊராக நிதி திரட்டி 1954-ல் 12 படுக்கைகளோடு அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கியவரும் அவரே. அவர் பெயரால் புற்றுநோயாளிக்கும் ஓர் உதவித்தொகை இருந்தால் எவ்வளவு பொருத்தமாக இருக்கும்! புற்றுநோயாளிக்கும் துணைக்கு வருபவருக்கும் ரயில்வே கட்டணச் சலுகை தருகிறது. நல்ல ஏற்பாடுதான், ஆனால் ரயில் போகாத மலையூர்க்காரருக்கு அது பாதி வழிக்குத்தான் உதவும்.

எவ்வளவு செலவாகும்? ஊரக வேலைத் திட்டத்தில் 2025-26-க்குத் தமிழ்நாட்டுக்கு அறிவிக்கப்பட்ட ஒரு நாள் கூலி 336 ரூபாய். கதிர்வீச்சுக்கு வரும் 30 நாளுக்கு, கூட வருபவருக்கு இந்தக் கூலியைக் கொடுத்தால் 10,080 ரூபாய். ஐந்து லட்சம் ரூபாய்க் காப்பீட்டின் பக்கத்தில் இது எம்மாத்திரம்? பணம் தவறான கைக்குப் போகும் என்ற அச்சமும் தேவையில்லை. யாருக்கு என்ன சிகிச்சை என்ற பதிவு காப்பீட்டுக் கணினியில் ஏற்கெனவே இருக்கிறது. வந்துபோன நாள்களை மருத்துவமனை உறுதிசெய்ததும் பணம் கணக்கில் ஏறும்படி செய்யலாம்.

மூன்றாண்டுகளுக்குள் எல்லா மாவட்ட மருத்துவமனைகளிலும் பகல்நேரப் புற்றுநோய் மையங்கள் வரும் என்று 2025 மத்திய பட்ஜெட் அறிவித்தது. வந்தால் கீமோ ஊசிக்காக அலைவது குறையும். கதிர்வீச்சுக் கருவியோ பல கோடி ரூபாய் விலை கொண்டது; கனத்த சுவர் அறையும் பயிற்சி பெற்ற இயற்பியலாளரும் அதற்கு வேண்டும். எல்லா மாவட்டத்துக்கும் அது வந்துசேரும்வரை, பயணப்படி, துணைக்கு வருபவரின் கூலி, மருத்துவமனை அருகிலேயே தங்குமிடம் ஆகிய மூன்றையும் காப்பீட்டுத் திட்டத்துக்குள்ளேயே தமிழ்நாடு அரசு சேர்க்க வேண்டும். அடுத்த நிதிநிலை அறிக்கையிலேயே அதற்குத் தொகை ஒதுக்க வேண்டும்.