கோப்பு இல்லாத மர்மங்கள்

இலக்கியக்காரர்கள் மூக்கைச் சுளித்த தொடர்தான் 'மர்மதேசம்'. இந்திரா சௌந்தர்ராஜன் எழுதி, நாகா இயக்கி, பாலசந்தரின் மின்பிம்பங்கள் தயாரித்து, தொண்ணூறுகளின் பிற்பகுதியில் சன் டிவியில் ஓடியது. அதில் 'விடாது கருப்பு' இன்னும் பலருக்கு மறக்கவில்லை. தப்பு செய்தவனைக் கருப்பு தண்டிக்கிறது என்று ஊர் நம்பும். நம்பாதவர்கள் துருவுவார்கள். விடை கடைசியில் ஒரு பிளவுபட்ட மனத்தில் போய் நிற்கும். சாமியை முழுக்கக் கைவிடாமல் நழுவுகிற இடங்களும் அதில் உண்டு. அந்தச் சண்டையை வேறொரு நாள் வைத்துக்கொள்ளலாம். விளக்கம் கேட்கும் பழக்கத்தைக் குடும்பத் தொலைக்காட்சிக்குள் கொண்டுவந்த தொடர் அது என்பதை மறுக்க முடியாது.

அமெரிக்காவில் 1993இல் தொடங்கிய 'எக்ஸ் ஃபைல்ஸ்' இதே சரக்கைப் புலனாய்வுத் துறையின் மேசையில் வைத்தது. நம்புகிற மல்டர், சந்தேகப்படும் மருத்துவர் ஸ்கல்லி. பேய் உண்டோ இல்லையோ, ஒவ்வொரு கேஸுக்கும் ஒரு கோப்பு இருந்தது. அறிக்கை எழுதிக் கையெழுத்துப் போட ஆள் இருந்தது.

இனி நம் ஊர்.

2024 அக்டோபர் 25. வடசென்னைத் திருவொற்றியூரில் ஒரு தனியார் பள்ளியில் பிள்ளைகள் திடீரென்று மயங்கினார்கள். தொண்டை எரிச்சல், மூச்சுத்திணறல். முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் பாதிக்கப்பட்டார்கள். தேசிய பேரிடர் மீட்புப் படை வந்து சோதித்தது. மாசு கட்டுப்பாட்டு வாரியம் காற்றை அளக்கும் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தியது. பள்ளியை மூடித் திறந்தார்கள். நவம்பர் 4ஆம் தேதி மறுபடியும் சில பிள்ளைகள் மயங்கினார்கள். பள்ளியின் ஆய்வுக்கூடமா, வெளியே இருக்கும் ஆலையா, கால்வாயா, பிள்ளைகளின் பயமா என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். 'பயம்' என்ற பதில் எவ்வளவு சீக்கிரம் வந்து உட்கார்ந்துகொள்கிறது! மேற்கே மணலி, வடக்கே எண்ணூர் என்றிருக்கும் ஊரில் 'கேஸ் அடிக்குது' என்பது அன்றாடப் பேச்சு. அதை மனப்பிரமை என்று சொல்வதற்கு முன்னால் காற்றின் கணக்கைக் காட்ட வேண்டாமா?

விளக்க முடியாத காரியம் ஒன்றுமில்லை. 2023 டிசம்பர் 26 நள்ளிரவு எண்ணூர் பெரியகுப்பத்தில் ஜனங்கள் கண்ணெரிந்து, மூச்சடைத்து, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். அதற்கு விடை கிடைத்தது. கப்பலிலிருந்து கோரமண்டல் உர ஆலைக்கு அம்மோனியா கொண்டுபோகும் கடலடிக் குழாய், சரக்கு இறக்குவதற்காகக் குளிரூட்டும்போது கசிந்திருந்தது. மிக்ஜாம் புயலில் இடம்பெயர்ந்த கற்கள் குழாயில் மோதியிருக்கலாம் என்று தொழில்நுட்பக் குழு சொன்னது. பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கை எடுத்தது. மீனவ கிராமங்கள் ஆலை வாசலில் வந்து உட்கார்ந்ததால்தான் இவ்வளவும் இந்த வேகத்தில் நடந்தது என்பது எங்கள் கருத்து.

குழாய் ஒன்றாக இருந்தால் கண்டுபிடிக்கிறார்கள். பல புகைபோக்கிகள், பல கம்பெனிகள், பல துறைகள் என்றால் எல்லாரும் ஒருவரையொருவர் காட்டுகிறார்கள். பேய்க்கதைக்கு வசதியான நிலைமை இதுதான். வாரியத்திடம் நாங்கள் கேட்பது பெரிதல்ல: பிள்ளைகள் மயங்கிய இரண்டு நாட்களிலும் காற்றில் எந்த வாயு எந்த மணிக்கு எவ்வளவு இருந்தது, வண்டி எதை அளந்தது, எதை அளக்கவில்லை என்பதைத் தமிழில் எழுதி, வார்டு அலுவலகச் சுவரில் ஒட்டுங்கள்.

வாசகர்களுக்கும் ஒரு வேலை. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை, வாடை அடித்தால் தேதி, மணி, தெரு, காற்று வீசிய திசை, எந்த மாதிரி நாற்றம் — முட்டையா, மண்ணெண்ணெயா, மூத்திரமா — என்று ஒரு தபால் அட்டையில் எழுதி அனுப்புங்கள். வந்தவரை அடுத்த இதழில் அப்படியே அச்சிடுவோம். கவிதைகளைக் கொஞ்சம் பொறுத்து அனுப்பலாம்.