மறைபொருள் என்பது அனாமத்துக் கணக்கு அல்ல

போன தவக்காலத்தில் ஒரு ஞாயிறு. பூசை முடிந்து மறைக்கல்வி வகுப்பு. நான் எடுப்பது ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு. அன்றைய பாடம் இலாசர். நாலு நாள் கல்லறையில் கிடந்தவரை இயேசு உயிரோடு எழுப்பிய கதையை நானும் கையை ஆட்டி ஆட்டிச் சொல்லி முடித்தேன். கடைசி வரிசையிலிருந்து ஒரு பையன் எழுந்தான்.

"அண்ணா, எங்க அப்பாவ மட்டும் ஏன் எழுப்பல?"

அவன் அப்பா இறந்து அப்போது மூன்று மாதம்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அதெல்லாம் மறைபொருள்டா தம்பி, நமக்குப் புரியாது. உட்காரு." உட்கார்ந்தான். அதற்குப் பிறகு மூன்று வாரம் வாயே திறக்கவில்லை.

நான் படிப்பது பி.காம். இருப்பாய்வில் இரண்டு பக்கமும் ஒத்துவராவிட்டால், வித்தியாசத்தை அனாமத்துக் கணக்கில் போட்டுவிட்டு மேலே போவோம். ஆனால் பிறகு பிழையைத் தேடிப் பிடித்து அந்தக் கணக்கைத் தீர்த்தே ஆகவேண்டும். மறைக்கல்வியில் 'மறைபொருள்' என்ற சொல்லை நாம் இப்படித்தான் பயன்படுத்துகிறோம். ஒரே வித்தியாசம், திரும்பிப் போய் யாரும் தேடுவதில்லை! திருச்சபை மறைபொருள் என்று சொல்வது, எவ்வளவு கேட்டாலும் தீராத ஒன்றை. கேட்கவே கூடாத ஒன்றை அல்ல.

"சின்னப் பிள்ளைகள் குழம்பிவிடும், விசுவாசம் ஆட்டங்கண்டுவிடும்" என்பார்கள் பெரியவர்கள். ஐயா, அதே யோவான் 11-ஐ எடுத்துப் படியுங்கள். நீர் இங்கே இருந்திருந்தால் என் சகோதரன் செத்திருக்க மாட்டானே என்றுதான் மார்த்தா பேச்சையே ஆரம்பிக்கிறார். பின்னால் வந்த மரியாவும் அதையேதான் சொல்கிறார். இயேசு கோபப்பட்டாரா? அதிகப்பிரசங்கி என்றாரா? அழுதார். என் மாணவன் கேட்டது மார்த்தாவின் கேள்வி. விவிலியத்திலேயே இருக்கிற கேள்வியைக் கேட்டவனைத்தான் நான் உட்காரச் சொல்லியிருக்கிறேன்.

2011 மார்ச்சில் ஜப்பானில் நிலநடுக்கமும் சுனாமியும் வந்தன. அந்த ஆண்டு பெரிய வெள்ளியன்று, அங்கே வாழ்ந்த ஏழு வயதுச் சிறுமியின் கேள்வி ஒன்று இத்தாலியத் தொலைக்காட்சி வழியாகத் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்டிடம் வந்தது. பிள்ளைகள் ஏன் இவ்வளவு துயரப்பட வேண்டும்? வாழ்நாளெல்லாம் இறையியல் படித்தவர் அவர். தனக்கும் அதே கேள்வி உண்டு, பதில் நம்மிடம் இல்லை என்று ஒப்புக்கொண்டார். அதற்குப் பிறகுதான், இயேசுவும் உங்களைப்போலத் துன்பப்பட்டவர் என்றார். தெரியாது என்று சொல்லத் திருத்தந்தைக்கே வெட்கமில்லை. பி.காம் இரண்டாம் வருஷம் படிக்கிற எனக்கு என்ன கேடு?

நாலாவது ஞாயிறு அவனைத் தனியாகக் கூப்பிட்டேன். "அன்னைக்கு நான் சொன்னது தப்புடா. எனக்குப் பதில் தெரியல. ஆனா இலாசர் செத்தப்ப இயேசு அழுதாரு" என்றேன்.

"நிஜமாவா அண்ணா? எழுப்பப் போறோம்னு தெரிஞ்சும் ஏன் அழுதாரு?"

இதற்கும் என்னிடம் முழுப் பதில் இல்லை. ஆனால் அவன் மறுபடி கேட்க ஆரம்பித்துவிட்டான். மறைக்கல்வி சொல்லித் தருகிற நமக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?