‘டைட்டா இருந்தா நல்லது’ன்னு யார் சொன்னது?

உங்க வீட்டு எஸ்யூவி ஸ்பீட் பிரேக்கர் ஏறினா பின்னாடி தூக்கிப் போடுது, ஷாக் அப்சார்பர் மாத்தணும்னு வைங்க. கடைக்குப் போனதும் காதில் விழுறது, “இதைப் போடுங்க தம்பி, நல்லா டைட்டா இருக்கும், வண்டி அலையாது.” யூடியூப்லயும் அதே பாட்டுதான். டைட்னா ஹேண்ட்லிங், சாஃப்ட்னா சொகுசு. இந்தக் கணக்கு தப்புன்னு சொல்லத்தான் இதை எழுதுறேன். சரிபார்க்கிற ஃபார்முலா மெக்கானிக்கல் பசங்க எல்லாருக்கும் தெரியும். டைனமிக்ஸ் பேப்பர்ல 13 மார்க்குக்கு எழுதிட்டு மறந்துட்டோம்.

முதல்ல யாருக்கு என்ன வேலைன்னு பார்ப்போம். வண்டியோட எடையைத் தாங்குறது ஸ்பிரிங். அந்த ஸ்பிரிங் ஆடுற ஆட்டத்தை அடக்குறது ஷாக். உள்ளே பிஸ்டன் ஆயிலைச் சின்ன வால்வு வழியா தள்ளும், ஆட்டத்தோட ஆற்றல் வெப்பமா மாறிடும். பிஸ்டன் வேகமா நகர்ந்தா டாம்பிங் அதிகம். நின்னுட்டா டாம்பிங்கே கிடையாது.

இப்போ கத்திப்பாரா மேம்பாலத்துல வட்டமடிச்சு இறங்குறதை யோசிச்சுப் பாருங்க. வண்டி ஒரு பக்கம் சாய்ஞ்சு அப்படியே நிலைச்சிடுது. பிஸ்டன் நகரல. அப்போ எவ்வளவு சாயணும்னு முடிவு பண்றது ஸ்பிரிங்கும் ஆன்டி ரோல் பாரும்தான். எவ்வளவு சீக்கிரம் சாயுதுங்கிறது மட்டும்தான் ஷாக் கையில இருக்கு. “வளைவுல சாயுது”ன்னு டைட் ஷாக் வாங்குறவங்க பாதி காசை வீணா கொடுக்கிறாங்க.

ஒரு சின்ன கணக்கு. ஒரு சக்கரத்து மேல 450 கிலோ, ஸ்பிரிங் ஒரு மில்லிமீட்டருக்கு 30 நியூட்டன்னு வைங்க. வண்டி நொடிக்கு சுமார் 1.3 தடவை ஆடும். டாம்பிங் ரேஷியோ 0.3 இருந்தா ஒரு ஆட்டம் முடியும்போது வீச்சில் 14 சதவீதம்தான் மிஞ்சும். ஷாக் தேய்ஞ்சு ரேஷியோ 0.15 ஆனா 39 சதவீதம் மிஞ்சும். “வண்டி அலையுது”ன்னு டிரைவர் அண்ணன் சொல்றது இதைத்தான்.

அதுக்காக ரேஷியோவை 0.7-க்கு ஏத்தலாமா? மேடு பள்ளமான ரோட்டில் ரீபவுண்ட் ரொம்ப டைட்டா இருந்தா, சக்கரம் பள்ளத்துக்குள்ள இறங்கவே நேரம் கிடைக்காது. டயர் ரோட்டை விட்டுத் தூக்கிடும். தூக்கின டயரால பிரேக்கும் பிடிக்க முடியாது, திரும்பவும் முடியாது. சொகுசு போறதோட இது நிக்கல. உள்ளே உட்கார்ந்திருக்கிறது நம்ம அம்மா அப்பா.

லோடையும் கணக்கில் எடுங்க. குடும்பமும் பெட்டியும் ஏறி அந்த 450 கிலோ 600 ஆனா, அதே ஷாக்கோட ரேஷியோ 0.3-லிருந்து 0.26-க்கு இறங்கிடும். தனியா ஆபீஸ் போற வண்டிக்கும், வாரம் ஒருமுறை ஏழு பேரோட ஊருக்குப் போற வண்டிக்கும் ஒரே பதில் கிடையாது.

அப்போ எதை வாங்கலாம்? ஸ்பிரிங்கை மாத்தலைன்னா, அந்த மாடலோட ஒரிஜினல் ஸ்பிரிங்குக்குன்னே ட்யூன் பண்ணின ஷாக் போதும். டவுன்ல ஓட்ட ட்வின் ட்யூப் தாராளம். மோசமான ரோட்டில் மணிக்கணக்கா ஓட்டினா ஆயில் சூடாகி நுரைக்கும், டாம்பிங் குறையும். அங்கே கேஸையும் ஆயிலையும் தனித்தனியா வைக்கிற மோனோ ட்யூபுக்கு அதிகக் காசு கொடுக்கிறது நியாயம். வண்டியைத் தூக்க லிஃப்ட் கிட் போட்டா, அந்த உயரத்துக்கு ஏத்த நீளமான ஷாக்கும் வேணும். எதை வாங்கினாலும் ஒரே ஆக்ஸில்ல இருக்கிற ரெண்டையும் சேர்த்தே மாத்துங்க. அதுக்கு முன்னாடி புஷ்ஷையும் டயர் காத்தையும் பாருங்க, கோளாறு அங்கேயே இருக்கலாம்.

“நீதான் மெக்கானிக்கல் படிக்கிறியே, எது நல்லதுன்னு சொல்லு”ன்னு ஒருநாள் மாமாவோ சித்தப்பாவோ கேட்கத்தான் போறாங்க. பிராண்ட் பேரைச் சொல்லாதீங்க. எந்த ரோட்டில் ஓட்டுறீங்க, எத்தனை பேர் ஏறுவீங்க, ஸ்பிரிங் மாத்தியிருக்கீங்களான்னு மூணே கேள்வி கேளுங்க. நாலு வருஷம் படிச்சதுக்கு அவங்களுக்குக் கிடைக்கிற நேரடி லாபம் அது.