குருமுல்லின் குரலும் நான்கு மணி நேர ஆங்கிலமும்

அவுஸ்திரேலியாவின் வடகரையை அண்டிய எல்கோ தீவில், கலிவின்கு என்னும் ஊரில் 1971 இல் பிறந்தவர் ஜெஃப்ரி குருமுல் யுனுபிங்கு. பிறவியிலேயே பார்வையற்றவர். வலக்கையினருக்கென நரம்பு பூட்டிய கிற்றாரைத் தலைகீழாகப் பிடித்து இடக்கையால் மீட்டியவர். இளவயதில் யோத்து யிண்டி குழுவில் வாசித்து, பின்னர் சோல்ற்வோட்டர் இசைக்குழுவின் முன்னணிப் பாடகர்களுள் ஒருவராக விளங்கிய அவர், 2008 இல் தமது முதலாவது தனி இறுவட்டை வெளியிட்டார்.

தனித்துப் புறப்படும் கலைஞனைப் பெருஞ்சந்தையின் மொழிக்கு மாறுமாறு அறிவுறுத்துவோர் எங்கும் உளர். குருமுல் மாறவில்லை. தமது யோல்ஙு மக்களின் மொழிகளிலேயே பெரும்பாலும் பாடினார். (ஆங்கிலத்தில் தனியெழுத்தில்லாத அந்த ஙகர ஒலிக்குத் தமிழில் எழுத்து உண்டு.) குழுவின் ஆரவார இசை நீங்கி, கிற்றாரும் குரலுமே மேலோங்கின. பேட்டிகளை அவர் விரும்பியதில்லை. அவர் சார்பில் பேசியவர் தயாரிப்பாளர் மைக்கேல் ஹோனன். சொற்களின் பொருள் அறியாத சிட்னியும் மெல்பேர்ணும் அவ்விறுவட்டைத் தேடி வாங்கின. தேசிய விற்பனைப் பட்டியலில் அது மூன்றாம் இடத்தை எட்டியது. அவ்வாண்டின் ஆரியா விருதுகளில் இரண்டும் கிட்டின.

ஆரியா விருது விழா 2008 ஒக்டோபரில், தமிழர் செறிந்து வாழும் ஹோம்புஷுக்கு அண்மையிலுள்ள சிட்னி ஒலிம்பிக் பார்க்கில் நடைபெற்றது. அதே மாதத்திற்றான் வட பிராந்திய அரசு ஓர் அறிவிப்பை விடுத்தது: பாடசாலைகளில் ஒவ்வொரு நாளும் முதல் நான்கு மணி நேரம் ஆங்கிலத்திலேயே கற்பிக்கப்படல் வேண்டும். இருமொழிக் கல்வி நடைபெற்றுவந்த பாடசாலைகளுள் கலிவின்குவின் செப்பர்ட்சன் கல்லூரியும் ஒன்று. பாடகனுக்கு விருது வழங்கிய நாட்டில், அவனது ஊர்ப் பிள்ளைகள் தாய்மொழியில் கற்பதற்குப் பிற்பகலின் மிச்சமே விடப்பட்டது. சில ஆண்டுகளில் அவ்விதி கைவிடப்பட்டதாயினும், குலைந்த வகுப்பறையை மற்றோர் அறிவிப்பினால் மீட்டுவிட இயலாது. 1788 இல் இம்மண்ணில் 250 க்கு மேற்பட்ட மொழிகள் வழங்கின. இன்று குழந்தைகள் தாய்மொழியாகக் கற்றுவருபவை ஏறத்தாழ 12 மட்டுமே.

குருமுல் 2017 யூலையில், 46 ஆவது வயதில் டார்வினில் காலமானார். மறு ஆண்டு வெளிவந்த அவரது இறுதி இறுவட்டு விற்பனைப் பட்டியலில் முதலிடம் பெற்றது. பூர்வீகக் குடிகளின் மொழியில் அமைந்த இறுவட்டொன்று அவ்விடத்தை அடைந்தது அதுவே முதன்முறை.

இங்கு வாழும் தமிழருக்கு இஃது அயலார் செய்தியன்று. நியூ சவுத் வேல்சின் எச்.எஸ்.சி. தேர்விலும் விக்ரோரியாவின் வி.சி.ஈ. தேர்விலும் தமிழ் ஒரு பாடமாக உள்ளது. எனினும் வார இறுதி வகுப்பைத் துடுப்பாட்டப் பயிற்சிக்கு விட்டுக்கொடுக்கும் பெற்றோர் பலர். ஆங்கில எழுத்தில் எழுதிவைத்துத் தமிழ்ப் பாடல் பாடும் பிள்ளைக்கு நமது அவைகளும் மனநிறைவோடு கைதட்டுகின்றன. அக்கைதட்டலுக்குச் செலவில்லை, வகுப்பறைக்கு உண்டு.

சமூகமொழிப் பாடசாலைகளுக்கு நிதியும் நேரமும் கோரும் தமிழ் அமைப்புகள், கன்பராவுக்கு அனுப்பும் அடுத்த மனுவில் கலிவின்குவின் வகுப்பறைக்கும் ஒரு பந்தி ஒதுக்குதல் வேண்டும்.