கணுக்காலுக்கு என்ன வயசு?

மதுரையில் ஆடையின் நீளத்தைப் பற்றிப் பேசுவதென்றால் மேலமாசி வீதியிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

1921 செப்டம்பர் 22. அந்த வீதியில் ஒரு வீட்டு மாடியில் தங்கியிருந்த காந்தி, சட்டையையும் தொப்பியையும் விட்டுவிட்டு முழங்கால் அளவு கதர்த் துண்டுக்கு மாறினார். அவருக்கு 52 வயது முடிய இன்னும் பத்து நாள்தான் பாக்கி. கிட்டத்தட்ட 52 வயதில் ஒருவர் உடையின் நீளத்தைக் குறைத்துக்கொண்டதை இந்த ஊர் நூறு வருஷத்துக்கு மேலாகப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறது. அந்த இடத்தில் கதர்க் கடையே இருக்கிறது.

அதே வீதியில் இன்று 52 வயது அம்மா ஒருவர் முழங்காலுக்குச் சற்றுக் கீழே முடிகிற டாப்ஸ் ஒன்றை எடுத்துப் பார்க்கட்டும். கூட வந்த மகளே சொல்வாள். "அம்மா, இந்த வயசுல இது வேணாம்மா, இன்னும் கொஞ்சம் நீளமா பாரு."

காந்தி ஏழைகளுக்காக மாறினார், இதையும் அதையும் ஒப்பிடலாமா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் ஒன்று மட்டும் உறுதி. தன் உடம்பில் துணி எவ்வளவு இருக்க வேண்டும் என்பதை அவர் தானே முடிவு செய்தார். அந்த அம்மாவுக்கு அந்த வாய்ப்பு இருக்கிறதா?

வயதான பெண்கள் எந்த நீளத்தில் உடுத்தினால் அழகு என்று பத்திரிகைகளில் வரும் குறிப்புகளில் பாதி, ஸ்கர்ட் போடும் ஊர்களுக்கானவை. முழங்காலுக்கு மேலா, கீழா என்பது அங்கே பெரிய விவாதம். இங்கே ஸ்கர்ட்டுக்குப் பதில் மூன்று விஷயம்: சேலை தரையிலிருந்து எவ்வளவு உயரம், சுடிதார் டாப்ஸ் எங்கே முடிகிறது, வீட்டில் போடும் நைட்டி காலில் தட்டுகிறதா.

முதலில் சேலை. சேலையின் நீளம் ஐந்தரை மீட்டர் என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் கட்டியவரின் தோற்றத்தைத் தீர்மானிப்பது அதன் அகலம். பெரும்பாலும் 45 அங்குலத்திலிருந்து 48 அங்குலம் வரை இருக்கும். ஐந்தடி உயரமுள்ள பெண்ணுக்கு இடுப்பிலிருந்து தரைவரை அவ்வளவு தூரம் கிடையாது. மிச்சம் உள்ளே செருகப்படுகிறது. எவ்வளவு செருகுவது என்பது கட்டுபவர் கையில். ஒரு அங்குலம் கூடச் செருகினால் கணுக்கால் தெரியும், குறைத்தால் தரையைக் கூட்டும். அதாவது, தினமும் காலையில் உடுத்துபவரே நீளத்தை முடிவு செய்கிற உடை சேலை.

மேலூர், வாடிப்பட்டிப் பக்கம் வயல் வேலை பார்த்த பாட்டிமார்களுக்கு இது நன்றாகத் தெரியும். பின்கொசுவம் வைத்துக் கட்டி, சேலையைக் கணுக்காலுக்கு மேலே நிறுத்திக்கொள்வார்கள். சேற்றில் இறங்கும்போது இன்னும் தூக்கிச் செருகிக்கொள்வார்கள். எழுபது வயதிலும் அப்படித்தான். அதை யாரும் அரைகுறை ஆடை என்று சொன்னதில்லை. வேலைக்கு ஏற்ற நீளம், அவ்வளவுதான். கெண்டைக்கால் தெரிவது கேவலம் என்கிற எண்ணம், வேலை வயலிலிருந்து நாற்காலிக்கு மாறிய குடும்பங்களில்தான் அதிகம்.

அடுத்து சுடிதார். 2019இல் தமிழக அரசு, தலைமைச் செயலக ஊழியர்களுக்கான உடை பற்றிய உத்தரவில் சேலையோடு சல்வார் கமீஸும் துப்பட்டாவுடன் கூடிய சுடிதாரும் அணியலாம் என்றது. அதற்கு முன்பு, 2015 நவம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் தனி நீதிபதி கோயில்களுக்கு உடைக் கட்டுப்பாடு விதித்தபோதும் பெண்களுக்குச் சேலை, தாவணி, மேலாடையுடன் கூடிய சுடிதார் என்றுதான் சொன்னார். 2016 ஜனவரி 1 முதல் அமலான அந்த உத்தரவை அதே மாதமே இரு நீதிபதிகள் அமர்வு நிறுத்தி வைத்தது. அது சரியா தவறா என்பது வேறு விவாதம். இங்கே கவனிக்க வேண்டியது, இந்த இரண்டு உத்தரவிலும் பெண்களின் உடைக்கு வயது வரம்பு இல்லை. 45க்கு மேல் சுடிதார் கூடாது என்று எந்த அரசும் எந்த நீதிமன்றமும் சொல்லவில்லை. அந்தச் சட்டத்தை எழுதியது வீடும் தெருவும்தான்.

போதாததற்கு ரெடிமேட் கடைகளும் ஒரு வேலை செய்கின்றன. அளவு கூடக் கூட, அகலத்தோடு நீளத்தையும் கொஞ்சம் கூட்டித்தான் பெரும்பாலும் தைக்கிறார்கள். ஐம்பது வயதில் இடுப்பு பெருத்திருக்கும், ஆனால் உயரம் வளர்ந்திருக்காது. வயதாக ஆக உயரம் கொஞ்சம் குறையத்தான் செய்யும். அதனால் எக்ஸ்எல் வாங்குகிற ஐந்தடி அம்மாவுக்கு டாப்ஸ் கெண்டைக்காலின் நடுவில் வந்து நிற்கிறது. கால் இருப்பதிலேயே தடிமனான இடம் அது. அங்கே ஓரம் முடிந்தால் கால் இன்னும் தடித்து, ஆள் இன்னும் குட்டையாகத் தெரிவார். "எனக்குச் சுடிதார் பொருந்தாது" என்று அந்த அம்மா முடிவு கட்டிவிடுகிறார். பொருந்தாதது சுடிதார் இல்லை, நான்கு அங்குலம் துணி!

இதற்கு மருந்து தையல்காரரிடம் இருக்கிறது. மீனாட்சியம்மன் கோயில் எதிரே புதுமண்டபத் தூண்களுக்கு நடுவில் வரிசையாகத் தையல் மிஷின் போட்டு உட்கார்ந்திருந்தவர்களை மதுரைக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். துணியைக் கொடுத்துவிட்டுக் கோயிலுக்குப் போய் வந்தால் தைத்துத் தயாராக இருக்கும். அந்தக் கடைகள் இப்போது குன்னத்தூர் சத்திரத்துக்குப் போய்விட்டன. அங்கேயோ தெருமுனைக் கடையிலோ ஓரத்தை மடித்துத் தைக்க ஆகும் செலவு, பிடிக்காத டாப்ஸைப் பீரோவில் பூட்டி வைக்கும் நஷ்டத்தை விடக் குறைவு. வணிகவியல் படிக்காதவர்களுக்கும் புரிகிற கணக்கு இது :)

அளவு பார்க்கச் சில எளிய விஷயங்கள் போதும். டாப்ஸ் முழங்காலுக்குச் சற்றுக் கீழே முடியட்டும், இல்லையென்றால் கணுக்காலுக்குப் பக்கத்தில் போகட்டும். இடையில் கெண்டைக்காலின் நடுவைத் தவிர்க்கலாம். இடுப்பின் அகலமான இடத்தில் முடிகிற குட்டை டாப்ஸும் அந்த அகலத்தைத்தான் காட்டும். நீள டாப்ஸ் என்றால் பக்கவாட்டுத் திறப்பு நடக்க வசதியாக இருக்க வேண்டும். சேலைக்கு, வெளியே போடுகிற செருப்பைப் போட்டுக்கொண்டே உயரம் பார்த்துக் கட்ட வேண்டும். உள்பாவாடை சேலையை விட ஒரு அங்குலமாவது மேலே நிற்க வேண்டும்.

நைட்டிக்கு அழகை விடப் பாதுகாப்பு முக்கியம். மாடிப்படி ஏறும்போது காலில் சிக்குகிற நீளம் அறுபது வயது எலும்புக்கு ஆபத்து. இடுப்பு எலும்பு முறிவு அந்த வயதில் சின்ன விஷயம் இல்லை. டவுன் பஸ்ஸின் உயரமான படிக்கும் இதே கணக்குதான். ஒரு கையில் பை, ஒரு கையில் கம்பி. கொசுவத்தைத் தூக்கிப் பிடிக்க மூன்றாவது கை யாருக்கும் கிடையாது.

"அதெல்லாம் சரி, வயசுக்கு ஏற்ற மரியாதை வேண்டாமா?" என்று கேட்பவர்கள் உண்டு. மரியாதை நிச்சயம் வேண்டும். ஆனால் அது அங்குலத்தில் இருந்தால், தரையைக் கூட்டுகிற சேலைக்குத்தான் ஊரில் முதல் மரியாதை கிடைக்க வேண்டும். அப்படி நடப்பதில்லை. தனக்குச் சரியாகப் பொருந்திய உடையில் தடுமாறாமல் நடந்து வருகிற பெண்ணுக்குத்தான் எல்லாரும் வழி விடுகிறார்கள், அவர் கட்டியிருப்பது சுங்குடிச் சேலையோ, போட்டிருப்பது சுடிதாரோ.

அடுத்த தீபாவளிக்கு விளக்குத்தூண் பக்கம் அம்மாவைக் கூட்டிப் போகிறவர்கள் ஒரே ஒரு காரியம் செய்தால் போதும். "இந்த வயசுல" என்று ஆரம்பிக்கிற வாக்கியத்தை வீட்டிலேயே விட்டுவிட்டு, "உனக்கு எந்த நீளம் வசதி?" என்று கேளுங்கள். அந்தக் கேள்வியை அவரிடம் கேட்டுப் பல வருஷம் ஆகியிருக்கும்.