பிஞ்சுக் கைகளும் காகித மயிலும்

சித்திரை வெயில் ஏறத் தொடங்கியதும், அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லிப் பக்கங்களில் தெருவுக்குத் தெரு விளம்பரப் பலகைகள் முளைத்துவிடுகின்றன. பெரிய பிள்ளைகளுக்குச் சதுரங்கம், நீச்சல், ஹிந்தி, பாட்டு. இவை போதாவென்று, குழந்தைகள் காப்பகங்களும் 'ஒன்றரை வயது முதல் கோடைக் கைவேலைப் பயிற்சி' என்று பலகை மாட்டுகின்றன. ஒன்றரை வயதுக்குக் கைவேலையா என்று சிரிக்கும் பாட்டிமார் உண்டு. நாம் சிரிக்கமாட்டோம். அந்த வயதுக்கு அதைவிட ஏற்ற வேலை வேறில்லை என்பதே நமது அபிப்பிராயம். ஆனால் அந்தப் பலகையின் கீழ் நடப்பது கைவேலைதானா என்பதில்தான் நமக்குச் சந்தேகம்.

பயிற்சி முடியும் நாளில் பெற்றோர் கையில் ஒரு காகித மயிலைக் கொடுக்கிறார்கள். தோகை விரித்து, கண்களை வரிசையாக ஒட்டி, ஓரமெல்லாம் ஜிகினா தூவிய மயில். கீழே இரண்டு வயதுக் குழந்தையின் பெயர். தன் மூக்கைத் தானே துடைத்துக்கொள்ளத் தெரியாத குழந்தை, கத்தரிக்கோல் பிடித்துத் தோகையை வெட்டியிருக்கிறது! தாயார் பூரித்துப்போய்ப் புகைப்படம் எடுத்து உறவினர்களுக்கெல்லாம் அனுப்புகிறார். மயில் கண்ணாடி அலமாரியில் ஏறிவிடுகிறது. உண்மையில் அது ஆயா செய்த மயில். குழந்தைகள் மத்தியானம் உறங்கும் வேளையில், பன்னிரண்டு பிள்ளைகளுக்குப் பன்னிரண்டு மயில் என்று அந்த அம்மாள் முதுகொடிய உட்கார்ந்து வெட்டி ஒட்டியது. குழந்தையின் பங்கு, கட்டைவிரலைச் சாயத்தில் தோய்த்து ஒரு முறை வைத்தது. அதுவும் ஆயா கையைப் பிடித்து வைத்தது.

இதனால் என்ன குடி முழுகிவிட்டது என்று நேயர்கள் கேட்கலாம். சொல்லுகிறோம்.

ஒரு வயதுக் குழந்தை வண்ணக்கோலை முஷ்டியில் இறுக்கிப் பிடிக்கும். ஒன்றரை வயதில் தோளிலிருந்து கையை வீசிக் கிறுக்கும். இரண்டைத் தாண்டியபின் மேலிருந்து கீழாக ஒரு கோடு வரும். மூன்றை ஒட்டி, தொடங்கிய இடத்துக்கே திரும்பி வந்து சேரும் வட்டம் வரும். எழுதுகோலை மூன்று விரல்களால் பிடிக்கும் பழக்கம் அதற்கும் பிற்பாடுதான் படிகிறது. கைத்திறன் இவ்வாறு தோளிலிருந்து மணிக்கட்டுக்கும், மணிக்கட்டிலிருந்து விரல் நுனிக்கும் மெல்ல இறங்கி வருகிறது. பிசைவதும் கிழிப்பதும் ஊற்றுவதும் அமுக்குவதும் அதற்கு வழி செய்யும் வேலைகள். பள்ளியில் பெரிய பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் நாம், பத்து வரி எழுதுமுன் கை வலிக்கிறதென்று உதறும் பிள்ளைகளை வருஷந்தோறும் காண்கிறோம். எல்லாவற்றுக்கும் இது ஒன்றே காரணம் என்று சொல்லத் துணியமாட்டோம். ஆயினும் மண்ணும் மாவும் பிசையாமல் வளர்ந்த விரல்கள் இவை என்ற எண்ணம் எழாமல் போவதில்லை.

இன்னொரு நஷ்டமும் உண்டு. தான் கிறுக்கியது குப்பைக் கூடைக்கும், ஆயா செய்தது அலமாரிக்கும் போவதைக் குழந்தை பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது. பேச்சு வராத குழந்தைக்குப் புரியாது என்று நினைப்பவர்கள், குழந்தையோடு ஒரு நாள் முழுவதும் இருந்து பார்க்கவேண்டும்.

காப்பகமும் கைவேலையும் நெருங்கிய சொந்தம். 1907-ஆம் வருஷம் ஜனவரியில், ரோமாபுரியில் ஸான் லொரன்ஸோ என்ற ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில், பெற்றோர் வேலைக்குப் போனபின் பிள்ளைகள் கட்டிடத்தைப் பாழாக்காதபடி பார்த்துக்கொள்ள ஓர் அறை ஒதுக்கினார்கள். அதன் பொறுப்பை ஏற்ற டாக்டர் மரியா மாண்டிசோரி அம்மையார், குழந்தைகளுக்குக் கைக்கு வேலை கொடுத்தார்: தண்ணீர் ஊற்றுவது, துடைப்பது, பொத்தான் போடுவது. அவருக்கு எழுபது வருஷம் முன்னரே, 1837-இல், ஜெர்மனியில் பிரோபல் என்பவர் காகிதம் மடிப்பதையும் பின்னுவதையும் பாலபாடமாக்கினார். ஆனால் அவை சற்றுப் பெரிய குழந்தைகளுக்கே பொருந்தும். மாண்டிசோரி அம்மையார் 1939 நவம்பரில் சென்னைக்கு வந்து அடையாற்றில் தங்கி உபாத்தியாயர்களுக்குப் பயிற்சி அளித்தார். யுத்தம் மூண்டிருந்தபடியால் 1946 வரை நாடு திரும்ப முடியவில்லை. பிறந்தது முதல் ஆறு வயது வரை குழந்தையின் மனம் வளரும் விதத்தைப் பற்றிய அவருடைய பிரசித்தமான நூல் 1949-இல் அடையாற்றிலேயே அச்சாயிற்று.

அடையாற்றிலிருந்து அம்பத்தூர் இருபது மைல்கூட இல்லை. 1964-இல் அமைந்த அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் ஆயத்த ஆடை தைப்பவர்களும் பட்டறைகளில் உழைப்பவர்களுமாக எத்தனை தாய்மார்! ஆவடியில் ராணுவத்தாருக்கு உடை தைக்கும் தொழிற்சாலையே இருக்கிறது. பாட்டி ஊரிலே, தாய் இயந்திரத்தின் முன்னே, குழந்தை காப்பகத்திலே. ஸான் லொரன்ஸோவின் கதைதான் இங்கும்.

இந்தக் கோடையில் என்னதான் செய்யலாம்? முதலில் தண்ணீர். ஒரு சிறு பாத்திரத்தில் தண்ணீரும் ஆளுக்கொரு புதுப் பிரஷும் கொடுத்து, நிழலுள்ள சுவரைக் காட்டிவிட்டால் போதும். சுவருக்கு 'வர்ணம்' பூசுவதில் குழந்தைகள் காட்டும் சிரத்தையைக் கொத்தனாரிடமும் காண முடியாது. ஒரு கோடி பூசி மறு கோடி போவதற்குள் முதற்கோடி உலர்ந்துவிடும், மறுபடியும் ஆரம்பம்! செலவு இல்லை, கறை இல்லை, முடிவும் இல்லை. ஆனால் பக்கத்தில் பெரியவர் ஒருவர் உட்கார்ந்தே தீரவேண்டும். சாண் ஆழத் தண்ணீரும் சிறு குழந்தைக்கு ஆபத்து.

அடுத்தது மண். குயவரிடம் வாங்கிய களிமண் கிடைத்தால் அதுவே முதல் தரம். இல்லாவிடில், உப்பும் மஞ்சளும் சேர்த்துப் பிசைந்த கோதுமை மாவு. பாம்பு செய், பழம் செய் என்று உத்தரவிடவேண்டாம். விரலால் குத்தும், தட்டும், பிய்க்கும், அதுதான் வேலை. ஆடைத் தொழிற்கூடங்களில் கழியும் வெட்டுத்துணியைத் துவைத்து வைத்துக்கொண்டால், அகன்ற வாயுள்ள குடத்தில் ஒவ்வொன்றாகத் திணித்து மீண்டும் உருவி எடுப்பதிலேயே ஒரு முற்பகல் கழிந்துவிடும்.

பூவிருந்தவல்லி என்ற பெயரிலேயே பூ இருக்கிறது. காஞ்சி வரதனுக்குப் பூக்கைங்கரியம் செய்த திருக்கச்சி நம்பிகள் அவதரித்த ஊர். மாலையில் வாடிய சாமந்தியை இதழ் இதழாகப் பிய்த்து, மைதாப் பசை தடவிய தாளில் ஒட்டச் செய்யலாம். கோணலாக ஒட்டினால் கோணலாகவே இருக்கட்டும். கோடை நுங்குக் காலம். சுளையைத் தின்றபின் இரண்டு மட்டைகளைக் குச்சியால் இணைத்து நுங்கு வண்டி கட்டிக்கொடுங்கள். குழந்தையால் அதைச் செய்ய முடியாது. கண்ணெதிரே செய்வதைப் பார்க்கவும், பின்பு ஓட்டவும் முடியும். ஓலைக் காற்றாடியும் அவ்விதமே. ஓலையின் ஓரம் அறுக்குமாதலால் அதைக் கையில் கொடுக்கக்கூடாது.

கண்டிப்பாக விலக்கவேண்டியவை சில. களிமண் பிள்ளையாருக்குக் கண்ணாக வைக்கிறோமே, அந்தக் குன்றிமணி கொடிய விஷம். மென்று விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. காப்பகத்தின் வாசற்படியைக்கூட அது மிதிக்கக்கூடாது. புளியங்கொட்டை, பாசிமணி, பொத்தான் முதலியவை தொண்டையிலும் மூக்கிலும் சிக்கும். சுமார் 3 சென்டிமீட்டர் அகலமுள்ள வளையத்தில் நுழையும் எந்தப் பொருளும் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையின் கைக்கு எட்டக்கூடாது. ஜிகினாத் தூள் கண்ணில் விழும், அதுவும் வேண்டாம். கத்திரி வெயிலில் தகரக் கூரை அடுப்பாகிவிடுமாதலால், எதுவானாலும் காலை பத்து மணிக்குள் முடித்துவிடுவது உத்தமம்.

இவ்வளவையும் ஆயாவின் தலையில் சுமத்தி நாம் ஒதுங்கிக்கொள்ள முடியாது. பணம் கொடுத்தோமே, என்ன செய்து காட்டினீர்கள் என்று பெற்றோர் கேட்பதனால்தானே அந்த அம்மாள் உறக்கமின்றி மயில் வெட்டுகிறார்? சட்டம் ஒன்றும் வாளாவிருக்கவில்லை. 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டத்திலேயே குழந்தைகள் காப்பகத்துக்கு விதி இருந்தது. 2017-இல் பேறுகாலப் பலன் சட்டத்தைத் திருத்தியபோது, 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஸ்தாபனங்கள் காப்பக வசதி அளிக்கவேண்டும், தாய் நாளொன்றுக்கு நான்கு முறை சென்று பார்க்கலாம் என்று விதித்தார்கள். ஆனால் ஐந்து பேரும் பத்துப் பேரும் வேலை செய்யும் பட்டறைத் தாய்க்கு அந்த விதி எட்டுவதில்லை. அவர் தம் சம்பளத்தில் ஒரு பகுதியை எடுத்து, தெருமுனைக் காப்பகத்துக்குக் கட்டுகிறார். ஆயாவின் சம்பளமும் அந்தச் சிறு தொகைகளிலிருந்தே வரவேண்டும். அதற்குள் ஜிகினாவும் வண்ணத்தாளும் வாங்கச் சொல்லுவது யாருக்கு லாபம்?

ஆகையால், மாலையில் குழந்தையை அழைத்துவரப் போகும் தாய்மார்களிடம் ஒரு விண்ணப்பம். "இன்று என்ன செய்தது?" என்று ஆயாவிடம் பொருளைக் கேட்காமல் செயலைக் கேளுங்கள். "மாவைப் பிசைந்தான் அம்மா, அரைமணி நேரம் எழுந்திருக்கவே இல்லை" என்று அவர் சொன்னால், அந்த மாதத்துப் பணம் வீண்போகவில்லை. கிறுக்கிய தாள் ஏதாவது இருந்தால் கேட்டு வாங்கி, பின்பக்கத்தில் தேதியைக் குறித்து வையுங்கள். அலமாரியில் இடமில்லையென்றால் மயிலைச் சற்று நகர்த்திக்கொள்ளலாம்.