கையெழுத்தா, தலையெழுத்தா?

"கையெழுத்து நல்லா இருந்தா தலையெழுத்து நல்லா இருக்காது" என்று ஜோக்கடிப்பவர்கள்தான், பத்தாம் வகுப்புப் பையன் கோழி கிண்டியது போல எழுதினால் "சோம்பேறி" என்று குட்டுகிறார்கள்.

கேள்வி கேட்டால் வாயால் மணிமணியாய்ப் பதில் சொல்கிறான். பேனா பிடித்தால் அரைப் பக்கத்தில் விரல் வலிக்கிறது. சட்டைப் பட்டன் போடவே திணறுகிறான். இதுவா திமிர்? கண் மங்கினால் டாக்டரிடம் ஓடும் பெற்றோர், விரல் திணறினால் மட்டும் இரட்டைக்கோடு நோட்டை நீட்டுவது என்ன நியாயம்?

டிஸ்கிராஃபியா, டிஸ்பிராக்ஸியா இரண்டும் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்திலேயே இருக்கின்றன. பரிசோதித்துச் சான்றிதழ் வாங்கினால், பொதுத்தேர்வில் கூடுதல் நேரமும், சொல்வதை எழுத ஆளும் கேட்கலாம்.

"சான்றிதழ் வாங்கினால் பேர் கெட்டுவிடும்" என்கிறார்கள். "மக்கு" மட்டும் நல்ல பேரா? குட்டியது போதும், பரிசோதனைக்குக் கூட்டிப்போங்கள்!